முக்கூற்று உணவு: தினசரிக் கலோரிப் பங்கீட்டின் கிரமம் குறித்து ஓர் ஆராய்ச்சி

மதுபானத்தை நீக்கிப் பார்த்தால், மனித தேகம் ஒரு நாளில் செலவிடும் சக்தி ஏறத்தாழ முழுவதும் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு என்னும் மூன்று பொருள்களிலிருந்தே கிடைக்கிறது. மாவுச்சத்தும் புரதமும் கிராம் ஒன்றுக்கு 4 கலோரி தருகின்றன. கொழுப்பு 9 கலோரி தருகிறது. இக்கணக்கு பள்ளிப் பாடநூல்களிலும் உணவுப் பொட்டலங்களிலும் இடம்பெற்று, இன்று வீடுதோறும் அறிமுகமாகிவிட்டது. ஆயினும், ஒரு நாளைய கலோரியை இம்மூன்றுக்கும் எவ்விதம் பங்கிடுவது என்று கேட்டால், மாவுச்சத்தைப் பெரிதும் விலக்குமாறு ஒரு சாராரும், கொழுப்பைக் கண்டு அஞ்சுமாறு மற்றொரு சாராரும், 40, 30, 30 போன்ற விகிதங்களைச் சூத்திரமாக மனனம் செய்யுமாறு வேறு சிலரும் உபதேசிக்கக் கேட்கிறோம். இவர்கள் எல்லோரும் தத்தம் கட்சிக்குச் சான்று காட்டுவதால், தன் குடும்பத்துக்கு மூன்று வேளை ஆகாரம் திட்டமிட வேண்டிய சாமானிய வாசகர் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று தெரியாமல் தயங்கி நிற்கிறார்.

இத்தயக்கத்துக்கு மூலகாரணம் விகிதத்தையே தொடக்கமாகக் கொள்ளும் வழக்கம் என்பது இக்கட்டுரையின் துணிபு. விகிதம் என்பது கணக்கின் முடிவில் தானாக வந்து நிற்க வேண்டிய ஒரு விளைவு. புரதத்தைத் தேகத்தின் எடைக்கேற்பக் கிராமில் முதலில் ஒதுக்கி, கொழுப்பை அடுத்ததாக வரையறுத்து, எஞ்சிய கலோரியை மாவுச்சத்துக்கு விடுவதே தேக தர்மத்துக்கு இசைந்த கிரமம். உடலுழைப்பு குன்றிவிட்ட இக்காலத்தில், சோற்றை முதன்மையாகக் கொண்ட நம்மவர்க்கு இக்கிரமம் ஏன் இன்றியமையாததாகிறது என்பதைச் சரித்திரத்தைக் கொண்டும் கணக்கைக் கொண்டும் நிறுவ முயல்வோம். இங்கே கலோரி என்று குறிப்பது உணவு நூலார் வழங்கும் கிலோ கலோரியையே ஆகும்.

விகிதக் கணக்கின் பூர்வ சரித்திரம்

சுவாசம் என்பது ஒருவகை எரிதலே என்னும் பேருண்மையைப் பிரெஞ்சு விஞ்ஞானி லவாய்சியர், கணித மேதை லாப்லாஸுடன் கூடி, 1782-83ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், ஒரு கினிப்பன்றியின் உடல் வெப்பம் உருக்கிய பனிக்கட்டியின் அளவைக் கொண்டு பிரத்தியட்சமாக்கினார். உண்ட உணவு உள்ளே எரிந்து உஷ்ணமாகவும் உழைப்பாகவும் வெளிப்படுகிறது என்ற கருத்து நிலைபெற்றபின், எந்த உணவு எவ்வளவு சக்தி தரும் என்ற வினா இயல்பாகவே எழுந்தது. அடுத்த நூற்றாண்டில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் கார்ல் ஃபோய்ட் என்பார், மிதமாக உழைக்கும் தொழிலாளி ஒருவனுக்கு நாளொன்றுக்கு 118 கிராம் புரதமும், 56 கிராம் கொழுப்பும், 500 கிராம் மாவுச்சத்தும் வேண்டும் என்று ஒரு பிரமாணம் வகுத்தார். இதைக் கலோரியாக மாற்றினால் மொத்தம் ஏறத்தாழ 3,000 வருகிறது. அதில் புரதத்தின் பங்கு சுமார் 16 சதவீதமும், கொழுப்பின் பங்கு சுமார் 17 சதவீதமும் ஆக, எஞ்சிய மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்தைச் சேர்கிறது. இது அக்காலத்து உழைப்பாளியின் வயிற்றுக்காக எழுதப்பட்ட பிரமாணம் என்பதைப் பின்னால் வரும் வாதத்துக்காக நினைவில் இருத்துதல் நலம்.

ஃபோய்ட்டின் மாணாக்கரான மாக்ஸ் ரூப்னர், கிராம் ஒன்றுக்குப் புரதமும் மாவுச்சத்தும் 4.1 கலோரியும் கொழுப்பு 9.3 கலோரியும் தருவதாக அளந்ததோடு, சக்தி என்ற அளவில் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று நிற்கக் கூடும் என்ற நியதியையும் நிலைநாட்டினார். அமெரிக்காவின் மிடில்டவுன் நகரில், வெஸ்லியன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வில்பர் அட்வாட்டர், ஏறத்தாழ ஏழடி நீளமும் நாலடி அகலமும் கொண்ட ஓர் அறைக்குள் மனிதர்களை நாட்கணக்கில் இருத்தி, அவர்கள் உண்டதையும் கழித்ததையும், வெளியிட்ட உஷ்ணத்தையும் கரியமில வாயுவையும் நுணுகி அளந்தார். குடலில் சீரணமாகாமல் கழிவதையும் சிறுநீரில் வெளியேறும் நைட்ரஜனையும் தள்ளி, இன்று நாம் வழங்கும் 4, 9, 4 என்ற எண்களை அவர் உலகுக்கு அளித்தார். இவை சராசரி எண்களே. உதாரணமாக, பாதாம் பருப்பு இக்கணக்கு கூறுவதைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவான கலோரியையே தேகத்துக்கு வழங்குகிறது என்று அமெரிக்க விவசாயத் துறையின் ஆராய்ச்சியாளர்கள் 2012-இல் காட்டினர். ஆகவே ஒன்றிரண்டு சதவீத வித்தியாசத்துக்காக மனம் வருந்துவது இச்சாஸ்திரத்தின் இயல்பை அறியாமையால் விளைவது.

புரதம் எவ்வளவு என்ற விஷயத்தில் மட்டும் பெரும் விவாதம் மூண்டது. ஃபோய்ட் 118 கிராம் என்றார். அட்வாட்டர் 125 என்றார். யேல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ரஸ்ஸல் சிட்டென்டன், தம்மையும் தம் சகாக்களையும், படைவீரர்களையும், விளையாட்டு வீரர்களையும் மாதக்கணக்கில் குறைந்த புரதத்தில் நிறுத்திப் பார்த்து, அவ்வளவில் பாதியே போதும், அதனால் பலமும் ஆரோக்கியமும் குன்றுவதில்லை என்று 1904-இல் வெளியிட்டார். இன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வகுத்த பிரமாணம், வயது வந்தோர்க்கு எடை கிலோ ஒன்றுக்கு 0.83 கிராம் என்கிறது. 65 கிலோ எடையுள்ள ஆடவனுக்கு இது 54 கிராம் ஆகிறது. உயர்ந்த பிரமாணங்களை மறுத்த சிட்டென்டனின் பரிசோதனை, ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் பெரும்பாலும் வலுவுடன் நிற்கிறது என்பதற்கு இதுவே சாட்சி.

குன்னூரில் பிறந்த சாஸ்திரம்

இந்தியாவின் உணவு ஆராய்ச்சி நீலகிரிச் சாரலில் பிறந்தது என்பது தமிழர்கள் அறிந்து பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் 1918-இல் பெரிபெரி நோய் விசாரணைக்காக ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய சிறிய ஆய்வுக்கூடமே பின்னர் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாக வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் விளங்கி வருகிறது. மக்காரிசன், இந்தியாவின் பல பிரதேசத்தவர் உண்ணும் ஆகாரங்களை எலிக்கூட்டங்களுக்குத் தனித்தனியே ஊட்டி வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி ஆகியவை அடங்கிய சீக்கியர் ஆகாரத்தை உண்ட எலிகள் வளர்ச்சியிலும் ஆரோக்கியத்திலும் முதலிடம் பெற்றன. தீட்டிய அரிசியை முதன்மையாகக் கொண்ட சென்னை மாகாணத்து ஆகாரத்தை உண்டவை கடைசியில் நின்றன. இம்முடிவை அரிசியின் மீது சுமத்திய பழியாகக் கொள்வது பிழை. தீட்டுவதால் தவிடும், களைவதாலும் கஞ்சி வடிப்பதாலும் வைட்டமின்களும் போய்விட, பாலும் பருப்பும் காய்கறியும் அருகிப்போன ஓர் இலையில், அரிசி ஒன்றே எல்லாச் சுமையையும் தாங்க நேர்ந்ததன் விளைவு அது.

அவருக்குப் பின் 1935-இல் பொறுப்பேற்ற வாலஸ் அய்க்ராய்ட், இந்திய உணவுப் பொருள்களின் சத்து மதிப்பையும், திருப்தியான ஆகாரங்களைத் திட்டமிடும் முறையையும் ஒரு சிறு நூலாக 1937-இல் வெளியிட்டார். நம் நாட்டு வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் எண்களைக் கொண்டு ஆகாரம் வகுக்கும் கலை அந்நூலின் வழியே பரவிற்று. அதே மரபில் 1971-இலும் 2017-இலும் விரிவான அட்டவணைகள் வெளிவந்தன. இக்கட்டுரையில் வரும் உணவு எண்களும் அவ்வட்டவணைகளை ஒட்டி முழு எண்களாக்கியவையே.

1960களின் இறுதியில் உலகம் முழுவதும் புரதப் பஞ்சம் என்ற கூக்குரல் எழுந்தது. வளரும் நாடுகளின் பிள்ளைகளுக்குப் புரதப் பொடிகளே இரட்சை என்று ஐக்கிய நாடுகளின் அறிக்கைகள் பேசின. அவ்வேளையில் ஹைதராபாத்தில் சி. கோபாலனும், புள்ளியியல் அறிஞர் பி. வி. சுகாத்மேயும், நம் ஏழைகளின் குறை முதலாவதாகக் கலோரிக் குறையே என்று தெளிவாக எடுத்துரைத்தனர். வயிறு நிரம்பாத தேகம், உண்ட புரதத்தையும் தசை கட்டுவதற்கு விடாமல் எரித்துச் சக்தியாக்கிவிடும். ஆகவே முதலில் கலோரி, பிறகு புரதம் என்பது அவர்கள் வாதம். பெரும்பாலும் கலோரியாகவே அமைந்த துணையுணவு பெற்ற குழந்தைகள் வளர்ச்சியில் முன்னேறியதைக் கோபாலனும் அவர் சகாக்களும் 1973-இல் வெளியிட்டு அவ்வாதத்துக்கு வலுவூட்டினர். அவர்கள் கூறியது அக்காலத்துக்கு முற்றும் பொருந்திய உண்மை. பசித்த உழைப்பாளிக்குப் பொருந்திய அதே பங்கீடு, நாற்காலியில் அமர்ந்து பணிபுரியும் அவன் பேரனுக்குப் பொருந்துமா என்பதே இன்று நாம் விசாரிக்க வேண்டுவது.

விகிதம் மறைக்கும் உண்மை

மேற்சொன்ன 2020ஆம் ஆண்டுப் பிரமாணப்படி, கடுமையாக உழைக்கும் 65 கிலோ எடையுள்ள ஆடவனுக்கு நாளொன்றுக்கு 3,470 கலோரி தேவை; அதே எடையுள்ளவன் அமர்ந்த தொழில் செய்பவனாயின் 2,110 கலோரியே போதும். இவ்விருவரும் தங்கள் கலோரியில் 70 சதவீதத்தை அரிசியிலிருந்து பெறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அரிசி 100 கிராமில் ஏறத்தாழ 356 கலோரியும் 8 கிராம் புரதமும் உண்டு. உழைப்பாளி ஏறக்குறைய 680 கிராம் அரிசி உண்பான். அதனால் மட்டுமே 54 கிராம் புரதம் அவனுக்குக் கிடைத்துவிடும். எஞ்சிய பருப்பும் மோரும் கருவாடும் அதற்கு மேல் சேர்ந்து, அரிசிப் புரதத்தின் தரக்குறைவையும் ஈடு செய்யும். அமர்ந்த தொழிலாளி அதே விகிதத்தில் உண்டால் அவனுக்கு வாய்ப்பது 415 கிராம் அரிசியே. அதில் உள்ள புரதம் 33 கிராம். மீதி 21 கிராமை அவன் இலையின் ஓரத்தில் தொட்டுக்கொள்ளப் பரிமாறும் சிறு பண்டங்கள் தந்தாக வேண்டும். அவையும் கலோரியின் அளவோடு சுருங்கிவிட்டிருக்கும் என்பதால், அவை அதைத் தருவதில்லை.

இருவருக்கும் விகிதம் ஒன்றே. தேகத்தின் புரதத் தேவையும் ஒன்றே. மாறியது மொத்தக் கலோரி மட்டுமே. சம்பளம் பாதியாகக் குறைந்த மாதத்திலும் வீட்டு வாடகை குறைவதில்லை என்பதை அறிந்த குடும்பத் தலைவி, முதலில் வாடகையை எடுத்து வைத்துவிட்டு மற்றச் செலவுகளைச் சுருக்குவது போல, உழைப்பு குறைந்து கலோரி சுருங்கும்போது புரதத்தை முதலில் எடுத்து வைத்துவிட்டு ஏனையவற்றைச் சுருக்குவதே விவேகம். எடையைக் குறைக்க விரும்பி 1,200 கலோரிக்கு இறங்குபவர், 15 சதவீதம் புரதம் என்ற சூத்திரத்தைப் பற்றிக்கொண்டால் 45 கிராமே பெறுவார். 2,000 கலோரி உண்பவர் அதே சூத்திரத்தால் 75 கிராம் பெறுவார். கலோரிக் குறைவால் தசை கரையும் அபாயம் உடையவருக்குப் புரதம் குறைந்தும், அவ்வபாயம் அற்றவருக்கு மிகுந்தும் போகச் செய்யும் சூத்திரம் நல்ல வழிகாட்டி ஆகாது.

இன்றைய நம் நிலை யாது? சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு இணைந்து நடத்திய தேசிய ஆய்வின் முடிவுகள் 2025-இல் வெளிவந்தபோது, இந்தியர்கள் சராசரியாக 62 சதவீதக் கலோரியை மாவுச்சத்திலிருந்து பெறுகிறார்கள் என்பதும், அது பெரும்பாலும் தீட்டிய அரிசி, அரைத்த மாவு, சர்க்கரை ஆகியவற்றின் வடிவில் இருக்கிறது என்பதும், புரதத்தின் பங்கு 12 சதவீத அளவிலேயே நிற்கிறது என்பதும் தெளிவாயின. அதே ஆய்வுக்குழுவினர் 18,090 பேரின் விவரங்களை வைத்து 2022-இல் வெளியிட்ட கணக்கு, புதிதாக நீரிழிவு கண்டவர்கள் நோயிலிருந்து மீள மாவுச்சத்து 49 முதல் 54 சதவீதமும், புரதம் 19 முதல் 20 சதவீதமும், கொழுப்பு 21 முதல் 26 சதவீதமும் கொள்வது உதவும் என்கிறது. இது ஆகாரம் ஊட்டிப் பார்த்த பரிசோதனை அன்று, கணித மாதிரியின் அனுமானம் என்பதை மறவாமலே, அது சுட்டும் திசையை ஏற்கலாம்: சோற்றில் சிறிது குறைத்து, அவ்விடத்தில் பருப்பையும் பாலையும் வைப்பதே அத்திசை.

பங்கின் அளவும் பங்கின் குணமும்

எடை குறைவதற்கு இன்ன விகிதமே ராஜபாட்டை என்று சாதிப்போர்க்கு இரு பெரும் பரிசோதனைகள் விடையளிக்கின்றன. 811 பேரை நான்கு விதப் பங்கீடுகளில் நிறுத்தி ஈராண்டு கண்காணித்த ஆய்வு ஒன்று 2009-இல் வெளிவந்தது. கொழுப்பு 20 அல்லது 40 சதவீதம், புரதம் 15 அல்லது 25 சதவீதம், மாவுச்சத்து 35 முதல் 65 சதவீதம் வரை என்று பங்குகள் பெரிதும் மாறியிருந்தும், நான்கு கூட்டத்தாரும் ஏறத்தாழச் சமமாகவே எடை இழந்தனர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரைக் கொண்டு நடந்து 2018-இல் வெளியான பரிசோதனையில், ஓராண்டு முடிவில் கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரி 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தனர். இவ்வித்தியாசம் பொருட்படுத்தத்தக்கதன்று என்பதே ஆய்வாளர் தீர்ப்பு. எடைக்கு மொத்தக் கலோரியும், கொண்ட திட்டத்தில் நிலைத்து நிற்கும் உறுதியுமே பிரதானம் என்பது இவற்றால் புலனாகிறது.

கொழுப்பின் பங்கைக் குறித்த அச்சமும் இத்தகையதே. 1958-இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில், கிரீட் தீவினர் 40 சதவீத அளவு கலோரியைக் கொழுப்பிலிருந்து, பெரும்பாலும் ஆலிவ் எண்ணெயிலிருந்து பெற்றனர். ஜப்பானியக் கிராமத்தவர் பெற்றதோ 10 சதவீதத்தை ஒட்டியது. இரு சாராருக்கும் மாரடைப்பு மிகக் குறைவாகவே இருந்தது. ஜப்பானுக்கு உட்பட்ட ஒக்கினாவா தீவின் முதியோர், 20ஆம் நூற்றாண்டின் நடுவில் சர்க்கரைவள்ளிக் கிழங்கையே பிரதான உணவாகக் கொண்டு, 85 சதவீதம் வரை மாவுச்சத்தில் வாழ்ந்து நீண்ட ஆயுளுக்குப் பெயர் பெற்றனர். அவர்கள் நிலத்தில் உழைத்தவர்கள் என்பதும், அவர்கள் உண்ட மாவுச்சத்து நார் நிறைந்த கிழங்கு என்பதும் இங்கே கருதத்தக்கவை. பங்கின் அளவைப் போலவே பங்கின் குணமும், உண்பவரின் உழைப்பும் சேர்ந்தே பலனை நிர்ணயிக்கின்றன.

குணம் என்று எதைச் சொல்கிறோம்? மாவுச்சத்தில், தவிடு நீங்காத தானியமும், கேழ்வரகு, கம்பு, வரகு, சாமை முதலிய சிறுதானியங்களும், பயறுகளும், காய்கனிகளும் மெல்லச் சீரணமாகி இரத்தத்தில் சர்க்கரையைப் படிப்படியாகச் சேர்க்கின்றன. தீட்டிய அரிசியும் மைதாவும் சர்க்கரையும் அதை விரைந்து ஏற்றுகின்றன. கொழுப்பில், நெய், தேங்காய் எண்ணெய், பாமாயில் போன்றவற்றில் மிகுந்துள்ள பூரிதக் கொழுப்பு மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்கு உட்பட்டும், வனஸ்பதி வழி வரும் டிரான்ஸ் கொழுப்பு 1 சதவீதத்துக்கு உட்பட்டும் நிற்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. புரதத்திலோ, தானியப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலமும், பயறுகளின் புரதத்தில் மெதியோனைன் என்பதும் குறைவு. இரண்டையும் கூட்டி உண்டால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. அரிசியும் உளுந்தும் கூடிய இட்லியும், அரிசியும் பாசிப்பருப்பும் கூடிய பொங்கலும் இவ்வகையில் சிறந்த சேர்க்கைகள். ஆனால் இட்லி மாவில் அரிசி நான்கு பங்கு, உளுந்து ஒரு பங்கு என்ற அளவே பெருவழக்கு. சேர்க்கை சரியாக அமைந்தும் அளவு போதாமல் போகும் இடம் இது. ஆகவே சாம்பாரில் பருப்பு கெட்டியாக இருப்பது அவசியம்.

பங்கீட்டின் கிரமம்

இனி, முறையை வகுத்துரைப்போம். முதற்படி, வயது, எடை, உழைப்பு ஆகியவற்றைக் கொண்டு நாளைய மொத்தக் கலோரியை உத்தேசமாக நிர்ணயித்தல். இரண்டாம் படி, புரதத்தைக் கிராமில் ஒதுக்குதல். பால், முட்டை, மீன் ஆகியவை போதிய அளவு இடம்பெறும் ஆகாரத்தில் எடை கிலோ ஒன்றுக்கு 0.83 கிராம் என்பது குறைந்தபட்சத் தேவையை நிறைவேற்றும். தானியமும் பயறுமே பிரதானமாயின் கிலோவுக்கு 1 கிராம் என்று கொள்ள வேண்டும். எடை குறைப்போரும் முதியோரும் 1 முதல் 1.2 கிராம் வரை கொள்வது தசையைக் காக்க உதவும். மூன்றாம் படி, கொழுப்பை 20 சதவீதத்துக்குக் குறையாமலும் 30 சதவீதத்துக்கு மிகாமலும் வரையறுத்தல். கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் உட்செல்வதற்கும், தேகம் தானாக ஆக்கிக்கொள்ள இயலாத கொழுப்பு அமிலங்களுக்கும் இது அவசியம். நான்காம் படி, எஞ்சியதை மாவுச்சத்துக்கு விடுதல். மூளையின் எரிபொருளாகிய குளுக்கோஸை உத்தேசித்து, நாளொன்றுக்கு 130 கிராம் என்ற அளவைப் பிரமாண நூல்கள் குறித்திருக்கின்றன. நம் வீட்டு ஆகாரத்தில் எஞ்சும் பங்கு அதைவிடப் பெரிதும் கூடுதலாகவே வரும் என்பதால் அது குறித்து அச்சம் வேண்டா.

55 கிலோ எடையுள்ள, அமர்ந்த தொழில் செய்யும் ஒரு பெண்மணியைக் கொள்வோம். அவருக்குரிய கலோரி 1,660. புரதம் 60 கிராம் என்று ஒதுக்கினால் 240 கலோரி ஆயிற்று. கொழுப்பு 52 கிராம், அதாவது 468 கலோரி. எஞ்சியவை 952 கலோரி. அது 238 கிராம் மாவுச்சத்து. இப்போது விகிதத்தைப் பார்த்தால், ஏறத்தாழ மாவுச்சத்து 57, புரதம் 15, கொழுப்பு 28 சதவீதம் என்று வருகிறது. நாம் தேடிச் செல்லாமலே விகிதம் நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டது.

இவ்வெண்களை இலையில் எவ்விதம் பரிமாறுவது? சமைக்காத நிலையில், நாள் முழுவதுக்கும் தானியம் 175 கிராம்: காலை இட்லிக்கு அரிசி 60, பகல் சோற்றுக்கு 75, இரவு கம்பு அல்லது கோதுமை 40. பயறும் பருப்பும் 75 கிராம்: இட்லியோடு உளுந்து 20, சாம்பாருக்குத் துவரை 30, மாலைச் சுண்டலுக்குக் கொண்டைக்கடலை 25. பாலும் தயிருமாக 350 மில்லி, முட்டை ஒன்று, சட்னியிலும் அவித்தும் நிலக்கடலை 25 கிராம், கீரையும் காயும் 400 கிராம், பழம் 100 கிராம், எல்லாச் சமையலுக்குமாக எண்ணெய் நான்கு தேக்கரண்டி. புரதம் தானியத்திலிருந்து ஏறத்தாழ 15 கிராம், பயறுகளிலிருந்து 16, பாலிலிருந்து 11, முட்டையிலிருந்தும் கடலையிலிருந்தும் ஆறு ஆறு, காய்கனிகளிலிருந்து ஏழெட்டு ஆகச் சேர்ந்து 60 கிராமைத் தொட்டுவிடுகிறது. முட்டை உண்ணாதார் அவ்விடத்தில் 20 கிராம் பொட்டுக்கடலை கொள்ளலாம். அதனால் குறைவது ஒன்றிரண்டு கிராமே. மீன் உண்போர்க்கு 100 கிராம் மீன் ஏறத்தாழ 20 கிராம் புரதம் தருவதால், முட்டையையும் பயறில் ஒரு பகுதியையும் விட்டுவிடலாம். சர்க்கரைக்கு இக்கணக்கில் இடமில்லை. காப்பியில் நாளொன்றுக்கு நான்கு தேக்கரண்டி சர்க்கரை சேர்ப்பவர் 20 கிராம் அரிசிக்கு மேற்பட்ட கலோரியை ஒரு சத்தும் பெறாமல் செலவிடுகிறார்.

பகல் வேளையின் அரிசி 75 கிராம் என்றதும் பலர் திகைப்பார்கள். வேகவைத்தால் அது 200 கிராமுக்குக் குறையாத சோறாகும். அச்சோற்றைச் சுற்றிப் பருப்பும் கீரையும் காயும் தயிரும் தாராளமாக இடம் பெற்றால் வயிறு வாடாது. புரதம் சீரணமாகும்போது அதன் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் உஷ்ணமாகச் செலவாகிவிடுவதும், அது பசியை நெடுநேரம் தணித்து வைப்பதும் இத்திட்டத்துக்குத் துணை செய்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குப் புரதத்தைக் கூட்டுதல் தீங்காகக் கூடும். இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ கொள்பவர்கள் மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கக் கூடும். இவ்விரு சாராரும் மருத்துவரின் ஆலோசனையின்றிப் பங்கீட்டை மாற்றலாகாது. கருவுற்ற பெண்களுக்கு இறுதி மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 22 கிராம் புரதம் கூடுதலாக வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கும் தனிக் கணக்கு உண்டு.

சமுதாயப் பந்தியில் பங்கீடு

பங்கீடு என்பது தனி மனிதனின் ஒழுக்கத்தை மட்டும் பொறுத்ததன்று. கைக்கு எட்டும் விலையில் என்ன கிடைக்கிறது என்பதையும் பொறுத்தது. தமிழ்நாட்டில் 2011 முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி இலவசமாக வழங்கப்படுகிறது. 2007 முதல் துவரம்பருப்பும் பாமாயிலும் மலிவு விலையில் கிடைக்கின்றன. பசியை விரட்டிய இந்த ஏற்பாடு வணக்கத்துக்குரியது. ஓர் அட்டைக்கு மாதம் 20 கிலோ அரிசியும் 1 கிலோ பருப்பும் பெறும் நால்வர் குடும்பத்தில், தலைக்கு நாளொன்றுக்கு அரிசி 167 கிராமும் பருப்பு 8 கிராமும் ஆகின்றன. 2024-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள், 2,000 கலோரி ஆகாரத்தில் தானியம் 250 கிராமும், பயறு, முட்டை, இறைச்சி வகைகள் 85 கிராமும் வேண்டும் என்றும், தானியத்தின் பங்கு 45 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும் என்றும் கூறுகின்றன. அரிசியில் மூன்றில் இரண்டு பங்கு தேவையை நிறைவேற்றும் கடை, பயறில் பத்தில் ஒரு பங்கையே நிறைவேற்றுகிறது. மீதியைச் சந்தை விலைக்கு வாங்க வேண்டிய ஏழைக் குடும்பம், எளிதாகக் கிடைப்பதைக் கொண்டே வயிற்றை நிரப்பிக்கொள்கிறது.

1982-இல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவுத் திட்டத்தில் பின்னாளில் முட்டையும் பயறும் சேர்ந்த வரலாறு, இக்குறைக்கு மருந்து யாது என்பதைக் காட்டுகிறது. சோற்றின் மேல் ஒரு முட்டையை வைப்பதால், அப்பிள்ளையின் அன்றைய புரதம் 6 கிராம் கூடுகிறது. அதன் தரமும் உயர்கிறது. பள்ளிப் பந்தியில் செய்ததைக் குடும்ப அட்டையிலும் செய்து, பயறின் அளவைப் படிப்படியாக உயர்த்துவது, நீரிழிவு பெருகிவரும் இந்நாட்டில் மருத்துவச் செலவையே குறைக்கக் கூடிய முதலீடு என்று நான் உறுதியாக நம்புகிறேன். வீட்டில் ஆகாரம் திட்டமிடுவோரும் நாட்டுக்கு ஆகாரம் திட்டமிடுவோரும் பின்பற்ற வேண்டிய கிரமம் ஒன்றே: உண்பவரின் தேகத்துக்குரிய புரதத்தை முதலில் எடுத்து வைத்து, நல்ல கொழுப்பை அடுத்து அளந்து, அதன் பின்னரே சோற்றுக்குரிய பங்கை நிர்ணயிக்க வேண்டும்.